தார் பாலைவனத்துச் சுருட்டையும் நம்மூர் விஷமும்

"எல்லாப் பாம்புக்கும் ஒரே ஊசிதானே டாக்டர்?" அடிக்கடி வர்ற கேள்வி.

1890-கள்ல பிரான்ஸின் ஆல்பர்ட் கால்மெட்டே அப்படித்தான் நம்பினார். நாகப்பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அதன் ரத்தத்துல இருந்து விஷமுறிவு மருந்து எடுத்தவர். மத்த பாம்புகளுக்கும் இதுவே போதும்னார். போதாதுன்னு காட்டினவர் பிரேசிலின் விட்டல் பிரேசில். (ஆமா, பேரே அதுதான்!)

அந்தப் பழைய சிக்கல் இன்னைக்கும் தார் பாலைவனத்துல இருக்கு. அங்குள்ள சுருட்டை விரியன் நம்மூர்ச் சுருட்டையைவிடப் பெருசு. மணல்ல பக்கவாட்டுல நகரும், புதைஞ்சு கிடக்கும். சீறுறதுக்குப் பதிலா ரம்பம் மாதிரியான செதில்களை உரசிச் சத்தம் போடும். மூச்சோட ஈரம் வீணாகாம இருக்கத்தான் அப்படின்னு ஒரு கருத்து. கடிச்சா ரத்தம் உறையாது, ஈறு, சிறுநீர்னு கசியும்.

நம்ம நாட்டு மருந்துக்கான விஷத்துல பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில, 1978-ல தொடங்கின இருளர் கூட்டுறவுச் சங்கத்துல எடுக்கறது. அதாவது, நம்மூர்ச் சுருட்டையோட விஷம். அதனாலதான் ராஜஸ்தான்ல பல குப்பி ஏத்தியும் சிலருக்கு ரத்தம் உறைய மாட்டேங்குது.

அதுக்காக ஊசி வேண்டாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. இப்போதைக்குக் கையில இருக்கறது அதுதான். அந்த மண்ணுப் பாம்போட விஷத்தையும் சேர்த்து மருந்து தயாரிக்கணும்கறதுதான் ஆய்வாளர்கள் கேக்கறது.