எழுத்தர் ஒருவரின் சித்திர வரலாறு

நெடுநாள் முயன்று முடிக்க வேண்டிய கலைப்படைப்பு, ஓய்வும் செல்வமும் உடையோர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பகலில் அலுவலகம், மாலையில் கடைத்தெரு, இரவில் பிள்ளைகளின் பாடம் என்று நாளைக் கழிக்கும் குடும்பத்தார் கலையைத் துய்க்கலாம். படைத்தல் அரிது என்பர். தமிழிலக்கிய வரலாறோ இக்கூற்றுக்கு இடந்தரவில்லை. வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1859இல், 'நீதிநூல்' இயற்றினார். பழந்தமிழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1904இல் உலகறியச் செய்த கனகசபைப் பிள்ளை, அஞ்சல் துறையில் அலுவல் பார்த்தவர். நம் அண்டை நகராம் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே நாவல் பல எழுதிக் குவித்தவர் சுஜாதா.

இவர்கள் கையாண்டவை எழுத்தும் ஏடும். சொல்லும் சித்திரமும் இணைந்து நடக்க வேண்டிய சித்திரக்கதையின் நிலை வேறு. ஒரு நாழிகையில் எழுதத்தக்க செய்தியை வரைந்து காட்டப் பல நாள் வேண்டும். அத்தகைய நெடும்பணியை, வேலையையும் குடும்பத்தையும் கைவிடாது முடித்தவர் உண்டா? உண்டெனின் எவ்வாறு முடித்தனர்? தங்கவயல் மக்களாகிய நமக்கு இவ்வினாவில் தனி அக்கறை உண்டு. அதன் காரணத்தை இறுதியில் காண்போம்.

சித்திரக்கதை என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது 'கன்னித்தீவு'. 1960ஆம் ஆண்டு தினத்தந்தியில் தொடங்கிய அக்கதை தலைமுறைகள் கடந்தும் தொடர்ந்தமையால், முடிவில்லாத எதனையும் 'கன்னித்தீவு' என்று கேலி பேசுவது நம் வழக்கமாயிற்று. 1967இல் அனந்த் பை தொடங்கிய 'அமர் சித்திரக் கதை' நூல்களும், 1970களில் சிவகாசியிலிருந்து வந்த 'முத்து காமிக்ஸ்' இதழ்களும் நம் இளமைக்கு விருந்தாயின. ஆயினும் இவற்றையெல்லாம் சிறுவர்க்குரியவை என்றே ஒதுக்கிவைத்தோம். தொழிலாளியின் வாழ்வையும் எழுத்தரின் கவலையையும் சித்திரக்கதை தாங்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பள்ளியாசிரியரின் மாலைப்பொழுது

இக்கலையின் தோற்றமே ஓர் உழைப்பாளியின் மாலைப்பொழுதில் நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது. சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரில் 1799இல் பிறந்தவர் ரொடால்ஃப் டோப்ஃபர். தந்தை புகழ்பெற்ற ஓவியர். மகனும் ஓவியராகவே விழைந்தார், கண்நோய் தடுத்தது. ஆகவே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, மாணவர் தங்கிப் பயிலும் பள்ளியொன்றை நடத்தினார். பின்னர் 1832இல் ஜெனீவா உயர்கல்விக் கழகத்தில் பேராசிரியருமானார்.

பள்ளிப் பணி முடிந்த வேளைகளில், மாணவரை மகிழ்விக்க, மெல்லிய கோடுகளால் கட்டங்களில் வரைந்து, கீழே சில சொற்கள் எழுதிக் கதை சொல்லலானார். 1827இல் வரைந்த முதற்கதை அச்சேறியது 1837இல். பத்தாண்டுகள் அது கையெழுத்துப் படியாகவே நண்பரிடையே உலவிற்று. முதுமையில் இருந்த செர்மானியப் பெருங்கவி கதே இவருடைய படைப்புகளைக் கண்டு பாராட்டிய செய்தியே வெளியிடும் துணிவை அளித்தது. வண்ண ஓவியத்திற்கு ஒத்துழைக்காத கண் கோட்டோவியத்திற்கு ஒத்துழைத்தது. தனிப்பட்ட தாளில் பேனாவால் வரைந்து கல்லச்சுக்கு மாற்றும் முறை அவருக்குக் கைகொடுத்தது. 1846இல் மறைந்த இவரையே இக்கலையின் தந்தையென வரலாற்றாசிரியர் பலர் போற்றுகின்றனர். தம் குறைக்கும் தம் ஓய்வுக்கும் பொருந்திய வடிவத்தை அவர் தேர்ந்துகொண்டமை ஈண்டு எண்ணத்தக்கது.

கிளீவ்லாந்து நகரத்து எழுத்தர்

டோப்ஃபர் ஆசிரியர், கல்விக்கழகப் பேராசிரியர். நம்மைப் போன்ற கடைநிலை, இடைநிலை அலுவலர்க்கு அணுக்கமானவர் வேறொருவர். அவரே ஹார்வி பெக்கார்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1939ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிறந்தவர் இவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர். தந்தை மளிகைக் கடை வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பயின்று நீங்கிய பெக்கார், சிறுசிறு வேலைகள் பார்த்தபின், முன்னாள் படைவீரர்க்கான மைய அரசின் மருத்துவமனையில் கோப்பு எழுத்தராகச் சேர்ந்தார். நோயாளரின் கோப்பை எடுத்தல், கொடுத்தல், மீண்டும் அதன் இடத்தில் அடுக்குதல் ஆகியனவே அவருடைய பணி. மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளிடையே ஆண்டுகளைக் கழித்துவரும் நமக்கு அவ்வேலையின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை. பதவி உயர்வுகளை ஏற்காமல் அதே பணியில் 2001 வரை இருந்து ஓய்வு பெற்றார்.

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் திரட்டும் ஆர்வத்தால் 1962இல் ராபர்ட் கிரம் என்பவருடன் நட்புக் கொண்டார். கிரம் அப்பொழுது கிளீவ்லாந்தில் வாழ்த்து அட்டை நிறுவனமொன்றில் வரைந்துகொண்டிருந்த இளைஞர்; பின்னாளில் உலகப் புகழ் எய்திய சித்திரக்கதை ஓவியர். நண்பரின் கலையைக் கண்ட பெக்காருக்கு ஓர் எண்ணம் உதித்தது. வீரர்களும் விந்தை மனிதர்களும் மட்டுமே நடமாடும் சித்திரக்கதையில் சாதாரண மனிதன் ஏன் நடமாடக் கூடாது? காலையில் எழுந்து பேருந்துக்குக் காத்து நின்று, அலுவலகத்தில் உடன்பணியாளருடன் வாதிட்டு, மாலையில் வெறும் வீட்டிற்குத் திரும்பும் ஒருவனது நாள் ஏன் கதையாகக் கூடாது?

அவருக்கு வரையத் தெரியாது. இது பெருந்தடை என்று பிறர் கைவிட்டிருப்பர். பெக்காரோ தாளில் கட்டங்களைக் கீறி, சிறுபிள்ளை வரைவது போன்ற குச்சி மனிதர்களை நிறுத்தி, அவரவர் பேச்சை மேலே எழுதி, ஓவியரிடம் கொடுத்தார். 1972இல் கிரம் அத்தகைய கதையொன்றை வரைந்தளித்தார். 1976இல் 'அமெரிக்கன் ஸ்பிளெண்டர்' என்னும் இதழின் முதல் வெளியீட்டைப் பெக்கார் தாமே பதிப்பித்தார். 'அமெரிக்கப் பொலிவு' என்று தமிழில் கூறத்தக்க அப்பெயரிலேயே ஒரு புன்னகை ஒளிந்திருக்கிறது. உள்ளே இருந்ததோ பொலிவு ஏதுமற்ற ஓர் எழுத்தரின் வாழ்வு.

கடையில் பணம் கட்டும் வரிசையில் முன்னே நிற்கும் மூதாட்டியரால் நேரும் காலத்தாழ்வு ஒரு கதையாயிற்று. தொலைபேசி விவரத் தொகுதியில் தம் பெயரிலேயே வேறு ஹார்வி பெக்கார்கள் இருப்பதைக் கண்டு, தாம் யார் என்று வியப்பது மற்றொரு கதை. பல ஓவியர் வரைந்தமையால் ஒவ்வொரு கதையிலும் அவர் முகம் வேறுவேறாகத் தோன்றும். ஒரே மனிதனைப் பலர் பலவாறு காண்கின்றனர் என்னும் உண்மை, தேடாமலே அந்நூலில் வந்தமைந்தது.

முடித்த முறை

இப்பணியை எவ்வாறு முடித்தார் என்பதே நமக்கு முதன்மையானது. முதலாவது, அவர் ஒரு மாபெருங் காவியத்தைத் திட்டமிட்டு அதன் சுமையில் நசுங்கவில்லை. ஏறத்தாழ ஆண்டுக்கொன்றாக இதழ் வெளிவந்தது. ஒரு பக்கக் கதையும் உண்டு. பல பக்கக் கதையும் உண்டு. ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு வாழ்க்கை வரலாறாயின. இரண்டாவது, தமக்குத் தெரிந்ததைத் தாம் செய்து, தெரியாததைத் தெரிந்தவர் கையில் ஒப்படைத்தார். மூன்றாவது, வேலையைப் பகையாகக் கருதவில்லை. தொடக்கக் காலத்து இதழ்கள் வருவாய் தரவில்லை. மாதச் சம்பளமே அவற்றைத் தாங்கியது. அச்சம்பளம் தந்த அலுவலகமே கதைக்குப் பொருளும் தந்தது. உடன் பணியாற்றியோரின் பேச்சையும் நடையையும் அவர் கேட்டுக் குறித்த இடம் அதுவே.

குடும்பத்தின் பங்கையும் மறத்தலாகாது. டெலவேர் மாநிலத்தில் சித்திரக்கதைக் கடையொன்றில் பங்குடையவராக இருந்த ஜாய்ஸ் பிராப்னர், தமக்குக் கிடைக்காமற் போன ஓர் இதழைக் கேட்டுப் பெக்காருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே பின்னர் மணவினையாக முடிந்தது. 1990இல் பெக்காருக்குப் புற்றுநோய் கண்டது. கணவனும் மனைவியும் சொந்த வீடு வாங்கும் முயற்சியில் இருந்த வேளை அது. மருத்துவத்தின் வேதனை, வீட்டுக் கடமைகள், வளைகுடாப் போர்க்காலத்து மனக்கலக்கம் அனைத்தையும் இருவரும் சேர்ந்து எழுத, ஃபிராங்க் ஸ்டாக் என்னும் ஓவியர் வரைய, 'நமது புற்றுநோய் ஆண்டு' என்னும் பொருள்படும் நூல் 1994இல் வெளிவந்தது. படைப்பை நிறுத்தியிருக்க வேண்டிய துன்பமே படைப்பாயிற்று. தனியொருவர் தாங்கிய பணியை இல்லறம் பங்கிட்டுக்கொண்டது.

1987இல் அவர் தொகுப்பு நூலுக்கு அமெரிக்க நூல் விருது கிட்டியது. 2003இல் அவர் வாழ்வு திரைப்படமாயிற்று. விருது வந்த மறுநாளும் கோப்பு அடுக்கும் பணி அவருக்காகக் காத்திருந்தது. அவரும் அதனைத் துறக்கவில்லை. 2010ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் மறைந்தார். 1976இல் தொடங்கிய இதழ் 2008 வரை நடந்தது. அவர் வாழ்ந்த புறநகரின் நூலகத்தில் நினைவுச் சின்னமாக ஒரு மேசை அமைந்திருப்பது எத்துணைப் பொருத்தம்!

காலம் காத்திராது

பெக்கார் தம் வாழ்வையே எழுதினார். பிறர் நினைவை எழுத முற்படுவோர்க்குக் காலம் இன்னும் கடுமையானது. இதற்குச் சான்று ஆர்ட் ஸ்பீகல்மன் என்னும் அமெரிக்க ஓவியர். அவர் தந்தை ஹிட்லரின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். மகன் 1978இல் தந்தையை அமரச் செய்து, அவர் கூறியவற்றை ஒலிநாடாவில் பதியலானார். 1982இல் தந்தை மறைந்தார். மகனின் 'மவுஸ்' என்னும் சித்திரக்கதையோ 1991இல்தான் நிறைவெய்தியது. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. அவ்வாண்டுகளில் பெரும்பகுதியும் அவருக்குச் சோறு போட்டது, சூயிங்கம் நிறுவனமொன்றுக்குக் கேலிப் படங்களும் அட்டைகளும் ஆக்கித்தந்த வேலையே.

சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். அந்நூல் ஏறத்தாழ 300 பக்கம். 13 ஆண்டுகள் என்றால் 156 மாதங்கள். மாதத்திற்கு இரண்டு பக்கத்திற்கும் சற்றுக் குறைவு! உலகம் போற்றும் நூலொன்று இவ்வளவு மெல்ல நடந்தே முடிவை எய்தியது. ஆயினும் வரைதல் தாமதப்படலாம். கேட்டுப் பதிதல் தாமதப்படலாகாது. தந்தையிடம் கேட்க அவருக்குக் கிடைத்தவை நான்கே ஆண்டுகள்.

நமது தங்கவயல்

இனி நம் ஊருக்கு வருவோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்தது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகளுக்கு மேல் தமிழர் இம்மண்ணின் அடியில் உழைத்தனர். வடஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தோர் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கினர். ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கு வந்த செய்தி நாடறிந்தது. பொன்னின் எடைக்கும் குழியின் ஆழத்திற்கும் ஏடுகளில் கணக்குண்டு. முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியவுடன் விழித்த வீட்டின் ஒரு நாளுக்குக் கணக்கு எங்கே? கம்பெனி லைன் வீட்டின் ஒற்றை அறையில் எத்தனை பேர் எவ்வாறு உறங்கினர், பாறை வெடித்து நிலம் அதிர்ந்த இரவில் பெண்கள் எங்கே ஓடி நின்றனர், சயனைடு மேட்டின் தூசி காற்றில் பறந்து வந்து சோற்றுப் பானையில் படிந்தபோது என்ன செய்தனர் என்பனவெல்லாம் முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அறிஞர் எழுதிய ஆராய்ச்சி நூல்கள் உண்டு, அவை மதிப்புடையவை. ஆயினும் குழிக்குள் இறக்கும் கூண்டில் நெருக்கி நின்றவரின் முகத்தைக் காட்டச் சித்திரம் வேண்டும். அவர் பேசிய தங்கவயல் தமிழை அப்படியே கேட்கச் செய்ய அவர் தலைமேல் எழுதிய சொல் வேண்டும். இவ்விரண்டும் கூடும் இடம் சித்திரக்கதையே.

உழைக்கும் மக்கள் ஏடு நடத்துவது இவ்வூருக்குப் புதிதன்று. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழை விரும்பிப் படித்தோர் இங்கே பலர். அவருடைய நூல்களைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்தது. சுரங்கத் தொழிலாளர் ஊரில், அவர்தம் ஆதரவில் நடந்த பதிப்புப்பணி அது. அவர்களைக் காட்டிலும் நமக்கு ஓய்வு குறைவு என்று யார் கூற இயலும்?

சுரங்கம் மூடியபின் நம்மவர் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் மாரிக்குப்பத்திலிருந்து இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். போகவும் வரவும் கழியும் அப்பொழுது இழந்த பொழுது என்றே எண்ணுகின்றோம். அவ்விரயிலில் ஒருவர் கையில் குறிப்பேடு இருந்து, பக்கத்து இருக்கைப் பெரியவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளியாகவும் இருப்பாராயின், ஒரு பக்கத்திற்குரிய செய்தி அன்றே கிட்டிவிடும். வரையத் தெரியவில்லையெனில் குச்சி மனிதர் போதும். வரையத் தெரிந்த இளைஞர் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இருக்கின்றனர். வாரத்திற்கு ஒரு பக்கம் எனின் ஆண்டுக்கு 52 பக்கம். அதுவே ஒரு நூல்.

அலுவலக வழக்கில் குமாஸ்தாவுக்கு நாம் இட்ட தமிழ்ப்பெயர் 'எழுத்தர்'. பெயரளவில் அது எழுதுவோன் என்றே பொருள்படும். அப்பெயரை மெய்ப்பித்தார் கிளீவ்லாந்து நகரத்து எழுத்தர் ஒருவர். 2001இல் கடைசியாகக் குழியிலிருந்து ஏறி வந்தவர்களிற் பலர் இன்று முதுமையின் வாயிலில் நிற்கின்றனர். நம் சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் வாழும் முதியவர் ஒருவரிடம் இவ்வாண்டே சென்று, அவர் சுரங்கத்தில் கழித்த ஒரே ஒரு நாளைக் கேட்டுக் குறித்து வருவாராக. சித்திரம் பின்னர் வரலாம். கேட்க வேண்டியவற்றை இப்பொழுதே கேட்போம்.