இன்டர்நெட் எக்ஸ்புளோரர்: பாதுகாப்புக் குறைகளும் நம்பகத்தன்மையும்

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இணைய உலாவி. 1995 ஆகஸ்டில் வெளிவந்தது. 2022 ஜூன் 15 அன்று விண்டோஸ் 10 கணினிகளில் அதற்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. 2000களின் தொடக்கத்தில் இணையப் பயனர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதையே பயன்படுத்தினர். தயாரித்த நிறுவனமே தரும் பாதுகாப்பு உறுதிமொழியை ஏன் அப்படியே ஏற்கக் கூடாது என்பதை இதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

குறைகளுக்கான காரணங்கள்

இவ்வுலாவி விண்டோஸுடன் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. 1996இல் வந்த மூன்றாம் பதிப்பு, இணையப் பக்கத்திலிருந்து ஆக்டிவ்எக்ஸ் நிரல்களை இறக்கிக் கணினியில் இயக்க வழிவிட்டது. அவை பயனருக்குள்ள எல்லா உரிமைகளோடும் இயங்கின. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலோர் நிர்வாகி கணக்கிலேயே வேலை செய்ததால், உலாவிக்குள் புகுந்தவரின் கைக்குக் கணினி முழுவதுமே போனது. நினைவகப் பிழைகள் மற்றொரு காரணம். விடுவித்த நினைவகப் பகுதியை நிரல் தவறுதலாக மீண்டும் தொட்டால், தாக்குபவர் அங்கே தம் கட்டளைகளை நுழைத்துவிட முடியும்.

முக்கிய நிகழ்வுகள்

புதிய வசதிகளைவிடப் பாதுகாப்பே முதன்மை என 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் ஊழியர்களுக்கு எழுதினார். ஆயினும் 2004 ஜூனில் பரவிய டவுன்லோட்.ஜெக்ட் தாக்குதலில், வழக்கமான தளங்களைத் திறந்தவர்களின் கணினிகளிலும் தீநிரல் இறங்கியது. வேறு உலாவிக்கு மாறுவதையும் ஒரு தீர்வாக அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு அப்போது குறிப்பிட்டது.

2010 ஜனவரி 12 அன்று, தன் அமைப்புகள் தாக்கப்பட்டதாக கூகுள் அறிவித்தது. அத்தாக்குதலில் பயன்பட்டது இவ்வுலாவியின் குறையே. பாதுகாக்கப்பட்ட முறையில் இயக்கினால் ஆபத்து குறையுமே தவிர முற்றிலும் நீங்காது என்று கூறிய ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், திருத்தம் வரும்வரை வேறு உலாவியைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. திருத்தம் ஜனவரி 21 அன்று வந்தது. அக்குறை தனக்கு 2009 செப்டம்பரிலேயே தெரியும் என்பதை மைக்ரோசாஃப்ட் பின்னர் ஒப்புக்கொண்டது. தெரிந்த குறை நான்கு மாதம் திறந்தே கிடந்த காலத்தில் அதன் விலையைச் செலுத்தியவர்கள் பயனர்களே.

கூற்றுகளும் ஐயங்களும்

2009 மார்ச்சில் என்எஸ்எஸ் லேப்ஸ் என்ற சோதனை நிறுவனம் வெளியிட்ட முடிவு, தீநிரல் தளங்களைத் தடுப்பதில் இவ்வுலாவியின் எட்டாம் பதிப்பே முதலிடம் என்றது. அச்சோதனைக்கு நிதி தந்தது மைக்ரோசாஃப்ட். பயனரை ஏமாற்றித் தீநிரலை இறக்கச் செய்யும் தளங்களை மட்டுமே அது அளந்தது. உலாவியின் சொந்த ஓட்டைகளை அளக்கவில்லை. அதே மாதம் வான்கூவரில் நடந்த, உலாவிகளை ஊடுருவிக் காட்டும் போன்-டு-ஓன் போட்டியில் எட்டாம் பதிப்பு முறியடிக்கப்பட்டது.

பாதுகாப்புக் குறைகள் ஒரே நிறுவனத்துக்கு உரியவை அல்ல. 2011 போன்-டு-ஓன் போட்டியில் யாரும் முறியடிக்காத கூகுளின் குரோம் உலாவி, 2012இல் வீழ்ந்தது. குரோமின் கடுமையான பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று அதன் பொறியாளர்கள் 2020இல் வெளிப்படையாகத் தெரிவித்தனர். தன் குறையைத் தானே எண்ணிச் சொல்லும் இத்தகைய அறிக்கை, "மிகப் பாதுகாப்பானது" என்ற விளம்பரத்தைவிடப் பயனருக்குப் பன்மடங்கு பயன்படும்.

ஓய்வுக்குப் பின்

உலாவி விடைபெற்றாலும் பக்கங்களைக் காட்டும் அதன் இயந்திரம் விண்டோஸுக்குள் தொடர்கிறது. குறுக்குவழிக் கோப்புகள் மூலம் பழைய உலாவியைத் திறக்கச் செய்த ஒரு தாக்குதல் முறைக்கு 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.