டன்ஸ் என்னும் வசைச்சொல்

மந்தபுத்தியுடைய மாணவனை ஏசுதற்கு ஆங்கிலேயர் வழங்கிவந்த 'டன்ஸ்' என்னும் பழஞ்சொல், ஐரோப்பா கண்ட மகாமேதைகளுள் ஒருவருடைய பெயரிலிருந்து பிறந்தது என்பதை அறியும்போது நெஞ்சம் வருந்தாமல் இருப்பதில்லை.

ஸ்காட்லாந்திலுள்ள டன்ஸ் என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கி, பிரான்சிஸ்கன் சபையிலே துறவு பூண்டு, ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் போதித்து, 1308-இல் கொலோன் நகரிலே மறைந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸே அம்மேதை. ஒத்த தன்மையுடைய இரண்டு பொருள்களுள் ஒன்றை மற்றொன்று ஆகாதபடி 'இதுவே இது' என்று தனித்து நிற்கச் செய்வது யாது என்று அவர் துருவி ஆராய்ந்த சூக்ஷ்மத்தைக் கண்டே, அறிஞருலகம் அவருக்கு நுண்மதி ஆசான் என்று விருது சூட்டியது. அவர் வாதாடி நிலைநாட்ட முயன்ற மரியன்னை ஜென்மப் பாவத்தின் மாசின்றிக் கருவில் உற்பவித்தார் என்னும் அமலோற்பவக் கொள்கையை, ரோமாபுரித் திருச்சபை 1854-இல் விசுவாச சத்தியமாகவே பிரகடனம் செய்தது.

பின் எவ்வாறு நேர்ந்தது இந்த நிந்தை? பதினாறாம் நூற்றாண்டில் கிரேக்கமும் எபிரேயமும் கற்பிக்கும் புதிய கல்வி தலையெடுத்தபோது, டன்ஸின் மரபில் வந்தோர் பிரசங்க மேடைதோறும் அதனைத் தூற்றினர் என்று, விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல் குறை கூறுகிறார். அதனால் 'டன்ஸ்' என்பது முதலில் வீண் தர்க்கம் பேசுவோனையும், பிறகு கல்விப் பகைவனையும், அந்நூற்றாண்டு முடிவதற்குள் வெறும் மூடனையும் குறிக்கலாயிற்று.

1535-இல் அரசாங்கத்தின் சார்பில் ஆக்ஸ்போர்டைச் சோதிக்கச் சென்ற ரிச்சர்ட் லேட்டன், தம் தலைவர் தாமஸ் குரோம்வெலுக்கு எழுதிய கடிதத்திலே ஒரு காட்சி இருக்கிறது. நியூ காலேஜின் முற்றம் எங்கும் டன்ஸின் நூலேடுகள் கிழிந்து சிதறிக் கிடக்க, காற்று அவற்றை மூலைதோறும் அடித்துச் செல்ல, பக்கிங்ஹாம்ஷயர்க் கனவான் ஒருவர், காட்டை விட்டு மான்கள் வெளியேறாதபடி மிரட்டும் வெருளிகள் செய்வதற்காக அந்த ஏடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். லேட்டன் இதனை வெற்றிக் களிப்போடு எழுதுகிறார். எனக்கோ படிக்கப் பொறுக்கவில்லை. சிஷ்யர்களின் பிடிவாதம் கண்டிக்கத்தக்கதே. ஆயினும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கல்லறையில் உறங்கிய குருவுக்கு அதில் என்ன பங்கு?

மூடமாணவர் தலையில் முன்னாளில் கவிழ்த்துவந்த கூம்புக் குல்லாயையும் டன்ஸின் தலையிலேயே கட்டி, அறிவு வளர அதனை அணியுமாறு அவரே உபதேசித்தார் என்று சிலர் எழுதுவதுண்டு. அவருடைய நூல்களில் இதற்கு ஆதாரமில்லை. அக்குல்லாயின் பெயர் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1840-இல் எழுதத் தொடங்கிய நாவலிலே நமக்குத் தெளிவாகக் காணக் கிடைக்கிறது.