மரை கழண்ட கதை

‘அவனுக்கு மரை கழண்டு போச்சு’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். மண்டைக்குள் ஏதோ ஒரு திருகு லூஸாகிவிட்டது என்று அர்த்தம். இந்த வசவை முதன்முதலில் சொன்ன ஆசாமி நிச்சயம் ஒரு பட்டறைக்காரராகத்தான் இருந்திருப்பார். மரை போனால் என்னென்ன ஆகும் என்று அவருக்குத்தானே தெரியும்?

சேலத்தை விட்டு நாமக்கல் பக்கம் கிளம்பினால் ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் என்று வழிநெடுக வண்டி சம்பந்தமான ஏதாவது ஒரு தொழில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவார்கள். திருச்செங்கோடு என்றால் போர் போடும் ரிக் வண்டி. சங்ககிரி என்றால் லாரி. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. ஆனால் லேத்துக்கும் வெல்டிங் கடைக்கும் அந்த எல்லைக்கோடு இன்னும் புரிந்தபாடில்லை. இந்தப் பட்டறைகளுக்கு வரும் வியாதிகளில் ஒன்று, பார்க்க ரொம்ப அற்பமானது. இன்ஜினுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஆயில்.

கார் இன்ஜினின் அடிவயிற்றில் ஒரு தொட்டி இருக்கிறது. ஆயில் சேம்பர். அதன் அடியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு போல்ட். டிரெயின் பிளக். பழைய ஆயிலை வடிப்பதற்கு அதைக் கழற்றுவார்கள், வடித்ததும் மாட்டுவார்கள். வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் குறைந்தது பத்துத் தடவையாவது யாரோ ஒருவர் கை அதில் பட்டிருக்கும். பத்தாவது ஆள் இறுக்கும்போது, இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ‘மரை போச்சுங்க’ என்பார் மெக்கானிக். ‘நீதாம்ப்பா கெடுத்துட்டே’ என்பார் வண்டிக்காரர். முதல் ஒன்பது பேர் செய்ததற்கும் சேர்த்துப் பத்தாவது ஆள் தலையில் விடியும்.

சண்டை போட வேண்டிய விஷயம்தான். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க், பியரிங்கின் மேல் நேராக உட்கார்ந்திருப்பதில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பிளக் வழியில் விழுந்து ஆயில் கொட்டிவிட்டால், அந்தப் படலம் போய்விடும். உலோகத்தோடு உலோகம் உரசி, சில நிமிஷங்களில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவருக்கு இன்ஜின் போவது என்றால் கிட்டத்தட்ட வீடு போவது மாதிரி.

அப்படியென்ன இந்தச் சின்ன மரைக்கு இவ்வளவு கோபம்? இருநூறு வருஷம் பின்னால் போனால்தான் புரியும்.

பாட்டி போட்டிருந்த பழைய மூக்குத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஒரு திருகாணி. ஆசாரி கையால் மரை வெட்டியது. அந்தத் திருகாணி தொலைந்துவிட்டால் வேறு மூக்குத்தியின் திருகாணி சேராது. ஆசாரியிடம்தான் ஓட வேண்டும். 1800 வாக்கில் உலகத்தின் எல்லா போல்ட்டும் இப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு போல்ட்டும் புருஷன் பெண்டாட்டி. ஜோடி மாறினால் குடும்பம் நடக்காது.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற தொழிலாளி, ஒரே அளவில் துல்லியமாக மரை வெட்டும் லேத்தை அந்தச் சமயத்தில் உருவாக்கினார். அவருடைய பட்டறையில் கற்றுக்கொண்டவர் ஜோசஃப் விட்வொர்த். குரு மரையை ஒழுங்குபடுத்தினார். சிஷ்யன் ஊரையே ஒழுங்குபடுத்தக் கிளம்பினார். பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளை வாங்கிக் குவித்து, அளந்து, சராசரி எடுத்தார். 1841-ல், ‘இன்ன தடிமன் போல்ட்டுக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை மரை, மரையின் கோணம் 55 டிகிரி’ என்று ஒரு பட்டியல் போட்டார். ரயில் கம்பெனிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. 1856-ல் ராயபுரத்திலிருந்து நம் ஊர் ரயில் ஓடத் தொடங்கியது. பிரிட்டிஷ் ரயில், பிரிட்டிஷ் மில், பிரிட்டிஷ் பம்பு என்று வந்தவற்றோடு விட்வொர்த் மரையும் கப்பலேறி இங்கே வந்து குடியேறியது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. 1864-ல் பிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர், 55 டிகிரியை அளப்பது கஷ்டம், 60 டிகிரிதான் வசதி என்றார். நியாயம்தான். சமபக்க முக்கோணம் போட யாருக்கும் தெரியும். அமெரிக்கா அவர் பின்னால் போனது. 1898-ல் ஜூரிச் நகரத்தில் கூடிய ஐரோப்பியர்கள் மில்லிமீட்டர் கணக்கில் ஒரு மரையை முடிவு செய்தார்கள். ஆக உலகத்துக்கு மூன்று மரை.

இதில் ஒரு விபரீதம் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு உட்பட்ட வழக்கமான சைஸ்களில் விட்வொர்த்துக்கும் அமெரிக்காவுக்கும் மரைகளின் எண்ணிக்கை ஒன்றேதான். கால் அங்குலத்தில் 20, முக்கால் அங்குலத்தில் 10. அரை அங்குலத்தில் மட்டும் அவருக்கு 12, இவருக்கு 13! கண்ணால் பார்த்தால் ஒரே போல்ட். சொருகினால் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாகப் போகும். அப்புறம் இறுகும். ‘துரு பிடிச்சிருக்கு’ என்று நினைத்து ஸ்பேனரில் பலம் கொடுத்தால், எது மென்மையான உலோகமோ அதன் மரை நாசம்.

மரை சேராததன் விலை சில சமயம் போல்ட்டோடு நிற்பதில்லை. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் தீப்பிடித்தது. வாஷிங்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் பறந்து வந்தன. ஆனால் பல ஊர்க் குழாய்களின் மரை பால்டிமோர் தண்ணீர்க் குழாயில் சேரவில்லை. வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சுமார் 1,500 கட்டடங்கள் எரிந்து போயின. இரண்டாம் உலகப் போரில் இன்னொரு கூத்து. பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி செய்து தந்தது. மரை மட்டும் பிரிட்டிஷ் மரையாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கிலாந்தில் ரிப்பேர் செய்ய முடியாது. அந்த மரை வெட்டும் கருவிகள் அமெரிக்கக் கடையில் கிடைக்காததால் பேக்கார்டு அவற்றையும் தானே செய்துகொண்டது. பட்டுத் தெளிந்து, 1948 நவம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் வாஷிங்டனில் கூடி ஒரே அங்குல மரைக்குக் கையெழுத்துப் போட்டன. கோணம் 60 டிகிரி. விட்வொர்த் தோற்றுவிட்டார்.

அதே 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. முதலில் ஆஸ்டின் கார், பிறகு லேலண்ட் லாரி. 1955-ல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. இங்கிலாந்து வம்சம், அங்குலக் கணக்கு. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1954-ல், ஜாம்ஷெட்பூரில் டாடா, ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி தயாரிக்க ஆரம்பித்திருந்தது. ஜெர்மன் வம்சம், மில்லிமீட்டர் கணக்கு. இரண்டு லாரிகளும் ஒரே சாலையில் ஓடி, ஒரே பட்டறைக்குள் நுழைந்தன. கார்களும் அப்படியே. கல்கத்தா அம்பாசடர் இங்கிலாந்து, பம்பாய் ஃபியட் இத்தாலி. 1956-ல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரிலிருந்து வீசையும் படியும் போய் கிலோவும் லிட்டரும் வந்தன. அரசாங்கம் சொன்னதற்காக லேலண்ட் இன்ஜினுக்குள் இருக்கும் போல்ட் ஒரே நாளில் மில்லிமீட்டர் ஆகிவிடுமா என்ன?

ஆகவே இரண்டு வண்டியையும் பார்க்கும் மெக்கானிக்குக்கு இரண்டு செட் ஸ்பேனர், இரண்டு செட் டேப், இரண்டு செட் போல்ட் டப்பா. டப்பா மாறிப் போனால் தீர்ந்தது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த ஓட்டையில் 12 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டால் கடகடவென்று ஆடும். நூல் சுற்றி, ஷெல்லாக் தடவி மாட்டினால் ஒரு வாரம் தாங்கும். எட்டாவது நாள் சொட்டும். பழைய மாரிஸ் இன்ஜின்கள் இன்னும் வேடிக்கை. அந்த இன்ஜினைச் செய்த காவென்ட்ரி தொழிற்சாலை, முதல் உலகப் போரின்போது பிரான்ஸிலிருந்து வந்த ஹாட்ச்கிஸ் கம்பெனியினுடையது. மெஷின்கள் பிரெஞ்சு மெஷின்கள், அதனால் மரை மில்லிமீட்டர். ஆனால் இங்கிலாந்து மெக்கானிக் கையில் இருப்பது விட்வொர்த் ஸ்பேனர், அதனால் போல்ட்டின் தலை விட்வொர்த் அளவு. தலை ஒரு நாடு, உடம்பு ஒரு நாடு! இதை 1950-கள் வரை இழுத்தார்கள்.

இன்று நம் சாலையில் ஓடும் கார்களில் அங்குலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்பாசடரே 2014-ல் நின்றுவிட்டது. பல கார்களில் டிரெயின் பிளக் 14 மில்லிமீட்டர் தடிமன், மரைக்கு மரை ஒன்றரை மில்லிமீட்டர். அப்புறமும் ஏன் மரை போகிறது? சேம்பர் பல வண்டிகளில் அலுமினியம், பிளக் இரும்பு. சின்னக் கார்களில் இந்தப் பிளக்கை 30, 40 நியூட்டன் மீட்டர் விசைக்கு மேல் இறுக்க வேண்டியதில்லை. ஓர் அடி நீள ஸ்பேனரின் நுனியில் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, அவ்வளவுதான். நம் ஆட்களோ ஸ்பேனர் வாலில் இரண்டடி பைப்பைச் சொருகி, லாரி வீல் நட்டு மாதிரி தொங்குவார்கள். சொட்டக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான்! உண்மையில் சொட்டை நிறுத்துவது மரையே அல்ல, பிளக் கழுத்தில் இருக்கும் வாஷர். செம்பு அல்லது அலுமினியத்தில் ஒரு சின்ன வளையம். நசுங்கி இடைவெளியை அடைக்க வேண்டியது அதன் வேலை. ஏற்கெனவே நசுங்கிய வாஷரையே மறுபடி மறுபடி போட்டுவிட்டு, சொட்டுகிறதே என்று பைப் போடுகிறோம். ஒரு டீ காசு மிச்சம், ஒரு சேம்பர் நஷ்டம்.

சரி, போனது போய்விட்டது. என்ன செய்வது? விவரமான மெக்கானிக் முதலில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார். பிளக்கின் மரை மட்டும் தேய்ந்திருந்தால் அதிர்ஷ்டம். புது பிளக், புது வாஷர், வேலை முடிந்தது. மரை இடுக்கில் வெள்ளி மாதிரி அலுமினியச் சுருள் ஒட்டியிருந்தால், போனது சேம்பரின் மரை. இந்த இடத்தில் சிலர் எம்-சீல் வைத்து அடைத்து, ‘ஏனுங்க, இனி ஒரு சொட்டு வராதுங்க’ என்பார்கள். வராது. ஆனால் சூட்டில் என்றைக்கு விடும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடுத்த முறை ஆயிலை எந்த வழியாக வடிப்பது?

முறையான வழிகள் இரண்டு. ஓட்டையைச் சுற்றிச் சதை இருந்தால், 16 மில்லிமீட்டருக்குப் புது மரை வெட்டி, லேத்தில் அதற்கேற்ற பிளக் கடைந்து போடலாம். சேலம், நாமக்கல் லேத்துகளுக்கு இது சாப்பிட்ட பாடு. இன்னொன்று ஹெலிகாயில். 1930-களில் வந்த சரக்கு. அலுமினிய விமான இன்ஜின்களில் ஸ்பார்க் பிளக் மரை போவதற்கு வைத்தியமாகப் புகழ்பெற்றது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் செய்த ஸ்பிரிங் மாதிரி இருக்கும். ஓட்டையில் அதற்கென்று மரை வெட்டி இந்தச் சுருளை ஏற்றினால், பழைய 14 மில்லிமீட்டர் பிளக்கே மறுபடி சேரும். உள்ளே இப்போது இரும்பு மரை. முன்பைவிடக் கெட்டி. தகட்டுச் சேம்பராக இருந்தால் இதெல்லாம் வேண்டாம், வெளியே ஒரு நட்டைப் பற்றவைத்தால் போதும்.

எதைச் செய்தாலும் சேம்பரைக் கழற்றிக் கீழே வைத்துச் செய்வதுதான் உத்தமம். மாட்டியபடியே மரை வெட்டினால் துகள் உள்ளே விழும். ஆயிலோடு சேர்ந்து அது பியரிங்குக்குப் போனால், சொட்டை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்திய கதை. கழற்ற முடியாத வண்டி என்றால் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டு, அரைச் சுற்று வெட்டி, வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி அப்பி வெட்டுவார்கள். முடிந்ததும் கொஞ்சம் ஆயிலை மேலே ஊற்றிக் கீழே வழியவிட்டு அலசுவார்கள். பொறுமை வேண்டும். அதற்குத்தான் கூலி.

அப்புறம் புது வாஷர். பிளக்கைக் கையாலேயே முடிந்தமட்டும் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர். பைப் கிடையாது. ஆயில் ஊற்றி, இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு அடியில் விரலால் தடவிப் பார்ப்பார் மெக்கானிக். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் வந்ததும் டீ குடிப்பதற்கு முன்னால் குனிந்து பார்ப்பார். பேப்பரில் கறை இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடுவார்.