அலுமினிய வயரும் கராஜ் விளக்கும்

வீட்டு கராஜில் இன்னொரு டியூப்லைட் போடுவது சின்ன வேலைதானே என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் வீடு கட்டிய வருஷத்தை முதலில் பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா?

1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியது. அதனால் சுமார் 1965 முதல் 1973 வரை அங்கே ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய வயர் இழுத்தார்கள். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஆறினால் சுருங்கும். நாளடைவில் இணைப்பு தளர்ந்து சூடேறும். 1974-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸில், ஒரு பிளக் பாயிண்டில் இப்படிப் பிடித்த தீயில் இருவர் இறந்தார்கள்.

அந்தப் பழைய வயரோடு புது விளக்கின் செம்பு வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றினால் இன்றும் அதே ஆபத்துதான். அதற்கென்றே உள்ள கனெக்டரை, விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும். அன்று மிச்சம் பிடித்த செலவு இன்னும் தீரவில்லை நண்பர்களே!