உடையறதுக்கு முன்னாடி பிடிக்கணும்

2023 ஜூலை 14. சந்திரயான்-3 கிளம்புறதைப் பார்க்க அடையாறு, மயிலாப்பூர் மொட்டை மாடிகள்ல நின்னவங்க பலருக்கு இது தெரிஞ்சிருக்காது: அந்த ராக்கெட் 4 நொடி தள்ளித்தான் கிளம்பிச்சு. காரணம், மேலே சுத்திக்கிட்டிருந்த ஒரு குப்பை. மோதிடக் கூடாதுன்னு இஸ்ரோ நேரத்தை மாத்திச்சு.

விண்வெளிக் குப்பையில நம்ம பங்கும் உண்டு. 2001 அக்டோபர் 22-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பிஎஸ்எல்வி-சி3, செயற்கைக்கோள்களைச் சரியா இறக்கிவிட்டது. ஆனா அதோட நாலாவது அடுக்கு அங்கேயே சுத்திக்கிட்டிருந்து, டிசம்பர் 19-ல் வெடிச்சது. 300-க்கும் மேற்பட்ட துண்டுகள்! அடுத்த பிஎஸ்எல்வியிலிருந்து, வேலை முடிஞ்சதும் மிச்ச எரிபொருளை வெளியேத்துற வழக்கம் வந்தது. ஆனா பழைய துண்டுகள்ல பல, 20 வருஷம் தாண்டியும் சுத்திக்கிட்டேதான் இருந்தது.

போய் அள்ளிட்டு வந்துடலாமே? தி. நகர்ல நோ பார்க்கிங் வண்டியைத் தூக்குறாங்களே, அது ஒரே இடத்துல நிக்குற வண்டி. இங்க நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, கூடவே உருளுது, பிடிக்கக் கைப்பிடியும் கிடையாது. 2018-ல் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகம் தலைமையில போன ஒரு செயற்கைக்கோள் வலை வீசிப் பிடிச்சது. ஆனா சிக்கினது, சோதனைக்காக அதுவே வெளியே விட்ட ஒரு சின்னப் பெட்டி.

நம்ம பக்கம், 2024 டிசம்பர் 30-ல் ஸ்பேடெக்ஸ் போச்சு. தலா 220 கிலோ எடையுள்ள ரெண்டு செயற்கைக்கோள். முதல்ல தேதி தள்ளிப்போச்சு. 3 மீட்டர் வரைக்கும் நெருங்கி, திரும்ப விலகிச்சு. கடைசியில 2025 ஜனவரி 16-ல் இணைஞ்சது. இதுல ரெண்டுமே ஒத்துழைச்ச செயற்கைக்கோள்கள். குப்பை ஒத்துழைக்காது. அதுக்காகவே, கயித்துல கட்டின ஒரு பொருளைப் பிடிச்சுப் பார்க்க ஒரு ரோபோ கையும் அதே ராக்கெட்ல போச்சு.

நான் இதுல பார்க்குறது ஒண்ணுதான். 300 துண்டை ஒவ்வொண்ணா பொறுக்க எந்தச் செயற்கைக்கோளாலும் முடியாது. முழுசா இருக்கும்போதே, வெடிக்கிறதுக்கு முன்னாடி பிடிச்சு இறக்கணும். இன்னொண்ணு, 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, விண்வெளிக்குப் போன பிறகும் ஒரு பொருள் அதோட உரிமையாளருக்கே சொந்தம். அதனால நம்ம குப்பையை வேற யாரும் கேட்காம எடுக்க முடியாது.

நம்ம வாசலை நாமதான் பெருக்கணும்.