சி.எப்.ஏ. பரீட்சை: மூன்று படிகளில் எது கடினமானது?

உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படித்து, பின்னர் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமோ வணிகமோ முடித்த எமது பிள்ளைகள் அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும்போது பட்டயக் கணக்கியல், சீமா, ஏ.சி.சி.ஏ. ஆகிய பெயர்கள்தான் முதலில் வரும். அண்மைக் காலத்தில் சி.எப்.ஏ. என்ற பெயரையும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதுபற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மூன்று படிகளில் எது கடினம்? முதலாவதைத் தாண்டிவிட்டால் மற்றவை இலகுவா?

தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்து, பின்னர் வேலை பார்த்துக்கொண்டே மூன்று படிகளையும் எழுதி முடித்தவன் நான். இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. மூன்று படிகளும் மூன்று வெவ்வேறு விதமாகக் கடினமானவை. எந்த விதமான கடினம் உங்களுக்குப் பொருந்தாது என்பதை முன்கூட்டியே அறிந்தால் பணமும் காலமும் மிஞ்சும்.

பரீட்சையின் அமைப்பு

சி.எப்.ஏ. என்பது முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான தகைமை. பங்கு, பிணைமுறி, முதலீட்டு நிதியம் ஆகியவற்றில் மற்றவர்களின் பணத்தை நிர்வகிப்பவர்களுக்காக உருவாக்கப்பட்டது. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எப்.ஏ. நிறுவகம் இதனை நடத்துகிறது. முதற்பரீட்சை 1963இல் நடந்தது. நீண்டகாலம் தாளில் எழுதப்பட்டு வந்த பரீட்சை 2021 முதல் கணினியில் நடைபெறுகிறது. உலகெங்கும் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதலாம்.

கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிடும் உரிமையை இது தராது. அந்தத் தொழிலை விரும்புபவர் பட்டயக் கணக்கியல் பக்கமே போக வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் காசு கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

முதலாம் படி: பரப்பு

முதலாம் படியில் 180 பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றும் 2 மணி 15 நிமிடம் கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொரு பகுதியிலும் 90 வினாக்கள். அதாவது ஒரு வினாவுக்கு 90 செக்கன். ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று விடைகள் தரப்படும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது.

பத்துப் பாடப்பரப்புகள் உள்ளன. ஒழுக்கநெறிக்கு மட்டும் 15 முதல் 20 சதவீதம். நிதிக்கூற்றுப் பகுப்பாய்வு, பங்கு, பிணைமுறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் 11 முதல் 14 சதவீதம். புள்ளிவிபரவியல், பொருளியல், பெறுதிகள் முதலியவை மீதியைப் பகிர்ந்துகொள்கின்றன.

தனித்தனியே பார்த்தால் வினாக்கள் பயங்கரமானவை அல்ல. உயர்தரத்தில் கணக்கியலும் பொருளியலும் ஒழுங்காகப் படித்தவருக்குக் கணிசமான பகுதி பழக்கமானதாகவே இருக்கும். கடினம் அளவில்தான் இருக்கிறது. பத்தாவது பாடத்தைப் படிக்கும்போது முதலாவது மறந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் 300 மணித்தியாலம் படிக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். வேலைக்குப் போகிறவருக்கு அது ஆறு மாதம்.

இரண்டாம் படி: ஆழம்

இரண்டாம் படியில் வினாக்கள் 88 மட்டுமே. நேரம் 4 மணி 24 நிமிடம். கணக்குப் பார்த்தால் ஒரு வினாவுக்கு மூன்று நிமிடம். முதலாம் படியைவிட இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் வினாக்கள் தனித்து வருவதில்லை. ஒரு நிறுவனத்தைப் பற்றிய நீண்ட விபரணம் வரும். அதில் அட்டவணைகள், அடிக்குறிப்புகள், இரண்டு பகுப்பாய்வாளர்களின் உரையாடல் எல்லாம் இருக்கும். அதன் கீழ் நான்கு வினாக்கள். இப்படி 22 தொகுதிகள். வாசிப்பதற்கும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள்தான் நேரம் எடுக்க வேண்டும். தேவையற்ற தரவுகளும் அதற்குள் கலந்திருக்கும்.

பாடத்தலைப்புகள் அநேகமாக முன்னையவைதான். ஆனால் முதலாம் படியில் ஒரு வரைவிலக்கணமாக வந்தது இங்கே ஒரு முழுக் கணக்காக வரும். ஓய்வூதியக் கடப்பாடு, வெளிநாட்டு நாணயத்தில் இயங்கும் துணைக் கம்பனியின் கணக்குகளை ஒருங்கிணைத்தல், பங்கின் பெறுமதியைப் பல முறைகளில் மதிப்பிடல் என்று ஒவ்வொன்றும் நீளும். மூன்றிலும் என்னை அதிகம் களைக்கச் செய்தது இந்தப் படிதான். சூத்திரங்களை மனனம் செய்து மட்டும் இங்கே தப்ப முடியாது. ஒரு எண் ஏன் மாறுகிறது என்பது புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தீர்மானம்

மூன்றாம் படியில் ஏறத்தாழப் பாதி இரண்டாம் படியைப் போன்ற தொகுதி வினாக்கள். மறுபாதியில் விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு குடும்பத்தின் வருமானம், வயது, கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் தரப்படும். இவர்களால் எவ்வளவு அபாயத்தைத் தாங்க முடியும், எந்த முதலீட்டுத் தொகுப்பு பொருத்தம், ஏன் என்று கேட்பார்கள். 2025 முதல் மாணவர்கள் முதலீட்டுத் தொகுப்பு முகாமைத்துவம், தனிநபர் செல்வம், தனியார் சந்தைகள் ஆகிய மூன்றில் ஒரு சிறப்புத் துறையைத் தெரிவு செய்யலாம். பெரும்பகுதிப் பாடம் எல்லோருக்கும் பொதுவானதே.

கணக்குகள் இங்கே குறைவு. ஆனால் தெரிவுகள் தரப்படாத இடத்தில் ஊகிக்க முடியாது. தெரிந்ததைச் சில வரிகளில் சொல்லத் தெரிய வேண்டும்.

ஒரே முறி, மூன்று வினாக்கள்

படிகளுக்கிடையிலான வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள ஒரே விடயத்தை மூன்று படிகளிலும் பார்ப்பது நல்லது. திறைசேரி முறியை எடுத்துக்கொள்வோம்.

முதலாம் படியில் இப்படிக் கேட்கலாம்: 100,000 ரூபா பெறுமதியான முறியின் வட்டி உணர்திறன் 4 எனில், சந்தை வட்டி 1 சதவீதப் புள்ளி கூடும்போது விலை எவ்வளவு குறையும்? விடை ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது 4,000 ரூபா. ஒரு பெருக்கலுடன் முடிந்துவிடும்.

இரண்டாம் படியில் அதே முறியை வெளியிட்டவர் அதனை முன்கூட்டியே மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனை சேரும். எதிர்கால வட்டி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று கிளை கிளையாகப் பிரியும் அட்டவணை ஒன்றைத் தந்து, இன்றைய பெறுமதியைக் கணிக்கச் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அத்தகைய பெரிய மாற்றத்தின்போது முதலாம் படியின் எளிய பெருக்கல் சரிவராது.

மூன்றாம் படியில் ஓர் ஓய்வூதிய நிதியம் வரும். பல வருடங்களுக்குப் பிறகு உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய அந்த நிதியம் எவ்வகை முறிகளை வைத்திருக்க வேண்டும், காரணம் இரண்டு தருக என்று கேட்பார்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஊழியர் சேமலாப நிதியின் திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டதை நாம் பார்த்தோம். அதனால் தொழிலாளிக்கு என்ன நட்டம் என்று கணக்கிட்டுச் சொல்லும் அறிவு இதுதான்.

சித்தி வீதத்தை எப்படி வாசிப்பது

2019 ஜூன் பரீட்சையில் முதலாம் படியில் 41 சதவீதத்தினரும் இரண்டாம் படியில் 44 சதவீதத்தினரும் மூன்றாம் படியில் 56 சதவீதத்தினரும் சித்தியடைந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் நிலைமை மாறியது. 2021 ஜூலையில் முதலாம் படியில் சித்தி 22 சதவீதம்தான்.

இந்த எண்களைப் பார்த்து மேலே போகப் போக இலகுவாகிறது என்று முடிவெடுக்கக் கூடாது. முதலாம் படிக்கு ஆயத்தமில்லாமல் வருபவர்களும் இருப்பார்கள். அவர்களில் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டாம் படியில் இருப்பவர்கள் எல்லோரும் முதலாவதில் வென்றவர்கள். மூன்றாம் படியில் இருப்பவர்கள் இரண்டு தடவை வென்றவர்கள். அப்படிப்பட்டவர்களிலும் பாதிக்குக் கிட்டத்தட்டத் தவறுகிறார்கள் என்பதே உண்மையான செய்தி. 2019 வீதங்களை ஒன்றோடொன்று பெருக்கினால், நூறு பேரில் ஏறத்தாழப் பத்துப் பேர்தான் மூன்றையும் முதல் தடவையிலேயே தாண்டுவார்கள். ஒரு தடவை தவறுவது இங்கே வெட்கப்படும் விடயமல்ல.

தமிழ்மொழி மூலம் படித்தவருக்கு

மூன்றாம் படியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றதும் எம்மவர்கள் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே கட்டுரை எழுதத் தேவையில்லை. குறிப்புகளாக, துண்டு வசனங்களாக எழுதலாம். இலக்கணப் பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை. சரியான காரணம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

என் அனுபவத்தில் மொழி அதிகம் தடுப்பது இரண்டாம் படியில்தான். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு நீண்ட விபரணத்தை வாசித்து நான்கு விடை தர வேண்டும். மெதுவாக வாசிப்பவருக்குப் பாடம் தெரிந்திருந்தும் நேரம் போதாது. ஆகவே முதலாம் படிக்குப் படிக்கும்போதே தினமும் அரை மணி நேரம் ஆங்கில வணிகச் செய்தி அல்லது கம்பனிகளின் ஆண்டறிக்கை வாசிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பணம், கடவுச்சீட்டு, காலம்

கட்டணம் அமெரிக்க டொலரில். முன்கூட்டியே பதிந்தாலும் ஒரு படிக்கு ஆயிரம் டொலரளவு வரும். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, சேர்த்து வைத்த காசு பாதியளவுக்குத் தேய்ந்தது. நகையை அடகு வைத்துக் கட்ட முன்னர் சி.எப்.ஏ. நிறுவகத்தின் தேவை அடிப்படையிலான புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால் கட்டணம் பெருமளவு குறையும். விண்ணப்ப முடிவு திகதி பரீட்சைக்குப் பல மாதங்கள் முந்தியது என்பதைக் கவனியுங்கள்.

பதிவுக்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும். தேசிய அடையாள அட்டை போதாது. இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து, இன்னும் பிரதி எடுக்காத குடும்பங்கள் வன்னியில் உள்ளன. அந்த வேலையை முதலில் முடியுங்கள். பரீட்சை மண்டபத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பி.ஏ. டூ பிளஸ், எச்.பி. 12 சி ஆகிய இரு வகைக் கணிப்பான்களுக்கு மட்டுமே அனுமதி.

பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கும்போதே முதலாம் படியை எழுதலாம். ஒவ்வொரு படிக்கும் ஆறு தடவைகள் தோற்றலாம், ஒரு வருடத்தில் இரண்டுக்கு மேல் முடியாது. மூன்று படிகளுடன் 4,000 மணித்தியாலத் தொழில் அனுபவமும் இருந்தால்தான் தகைமை கிடைக்கும்.

எம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று: சித்தியடைந்த படி காலாவதியாவதில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பி, தங்கையின் படிப்புக்காக இரண்டு வருடம் நிறுத்த வேண்டி வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

யார் எழுதலாம்

வங்கியின் முதலீட்டுப் பிரிவு, பங்குத் தரகு நிறுவனம், முதலீட்டு நிதியம், ஆய்வு நிறுவனம் ஆகியவற்றில் வேலை தேடுபவருக்கு இது பெறுமதியானது. இலங்கையில் அந்த வேலைகள் அநேகமாகக் கொழும்பில்தான் உள்ளன. ஊரோடு இருந்து உழைக்க விரும்புபவருக்குக் கணக்கியல் தகைமைதான் விரைவில் கைகொடுக்கும். வேலை வாய்ப்பு நிச்சயம் என்று எந்த வகுப்பு விளம்பரம் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எழுதுவது என்று தீர்மானித்தால் முதலாம் படியை ஒரு பரிசோதனையாகக் கொள்ளுங்கள். அந்த ஆறு மாதப் படிப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் இரண்டாம் படிக்குக் காசு கட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்துவதில் தவறில்லை. கூட்டுவட்டி எப்படி வளர்கிறது, ஒரு கடன் பத்திரத்தின் உண்மையான விலை என்ன என்று கணக்கிடத் தெரிந்த ஒருவர், நுண்கடனால் நொந்த எமது கிராமங்களில் ஒரு வீட்டுக்கு இருந்தாலும் அதுவே பெரிய பாதுகாப்பு.